கச்சான் பூத்தே வந்த வழி

லூமுட் படகுத்துறையிலே பங்கோர்த் தீவுக்குச் செல்லக் காத்து நிற்போர் பலர் கையில் கடலைப் பொட்டலம் இருக்கக் காண்கிறோம். பங்கோர் உடன்படிக்கை 1874இல் ஏற்பட்டதென்று பள்ளிப்பிள்ளையும் ஒப்புவிக்கும். அத்தீவுக்குப் போவோர் கொறிக்கும் கடலையின் வரலாற்றைக் கேட்பார் அரியர். பெயரோ மலாய்ப் பெயர்: கச்சான் பூத்தே, அதாவது வெள்ளைக் கடலை. உள்ளே இருப்பனவோ நம் வீட்டுப் பண்டங்களாகிய வறுகடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி!

இத்தகைய பிறப்புக் கதைகளில் அமெரிக்கருக்கு விருப்பம் மிகுதி. அவர்தம் உருளைக்கிழங்கு வறுவலை 1853இல் சரட்டோகா என்னும் ஊரில் ஜார்ஜ் கிரம் என்ற சமையற்காரர் கண்டுபிடித்தாரென்பர். துண்டுகள் தடிப்பாயிருக்கின்றனவென்று ஒருவர் திருப்பியனுப்ப, சினங்கொண்ட கிரம் காகிதம்போற் சீவி எண்ணெயிலிட்டாராம். கதை சுவையானதே. ஆனால் 1817இல் லண்டனில் வெளிவந்த வில்லியம் கிச்சினரின் சமையல் நூலிலேயே அத்தகைய வறுவலின் செய்முறை அச்சாகியிருக்கிறது. கதை பொய்யாயினும், கறுப்பர், செவ்விந்தியர் ஆகிய இரு குருதியும் கலந்த ஓர் உழைப்பாளியின் பெயரை அது காத்து வைத்தது. நம்மவர்க்கு அதுவுமில்லை.

ஈப்போவைச் சேர்ந்த புந்தோங்கிலே கம்போங் கச்சான் பூத்தே என்றே ஒரு குடியிருப்பு உண்டு. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து கடல் கடந்த குடும்பங்கள் 1940ஆம் ஆண்டுகளில் அங்கே குடியமர்ந்தன. வீட்டார் யாவரும் கூடி வறுத்தும் பிழிந்தும் ஆக்கியதை, பலகைத் தட்டிலே தலைமேற் சுமந்து, பழந்தாளைச் சுருட்டிய கூம்பிலிட்டுத் தெருத்தெருவாக விற்றனர். விடியுமுன் பிரட்டிலே பெயர் கூப்பிடக் காத்து நின்ற நம் தோட்டத் தொழிலாளிக்கு, கங்காணியில்லாமலும் ஒரு தமிழன் பிழைக்கக்கூடுமென்பதைக் காட்டியவருள் இவரும் ஒருவர். "கடலைக்காரன்" என்று அவரை இளப்பமாய் அழைத்த படித்த கனவான்கள் கடலையை மட்டும் வேண்டாமென்று சொன்னதில்லை.

கடலையிலும் கலப்பு உண்டு. நிலக்கடலையின் தாயகம் தென்னமெரிக்கா. மணிலாக்கொட்டை என்று நம் உழவர் இட்ட பெயர் அது வந்த வழியைக் குறிக்கும். யாழ்ப்பாணத்தாரோ அதனைக் கச்சான் என்றே வழங்குவர். மலாய்ச் சொல்லோடு அது ஒத்திருத்தல் காண்க. தூய தமிழ்ப் பண்டமென்று இதற்கு மார்தட்டுவதில் நமக்கு ஆவலில்லை. தமிழ் உழைப்பென்று எழுதப்பட வேண்டுமென்பதே நம் கோரிக்கை.

தட்டுச் சுமந்தவரின் மக்களும் பேரரும் வாழும் காலம் இது. அவர் பெயர்களைப் புந்தோங்கிலே வீடு வீடாகக் கேட்டெழுத, நம் இளைஞர்க்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.