சூரிச்சில் பிறந்த சுவிஸ் முறை

செஸ் விளையாடுற பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் 'சுவிஸ் முறை' என்ற சொல் காதில் விழுந்திருக்கும். பெயர் சும்மா வரவில்லை. 1895இல் சூரிச்சில் நடந்த சுற்றுப்போட்டியில்தான் அது முதன்முதலாகப் பாவிக்கப்பட்டது. உருவாக்கியவர் யூலியஸ் மியுல்லர்.

64 பேர் எல்லாரும் எல்லாரோடும் மோதுவதென்றால் 2016 ஆட்டங்கள் வேண்டும். அவ்வளவு நாள் லீவு ஆர் தருவினம்? (எங்கட ரெஸ்ரோறன்ட் முதலாளி தரமாட்டார்.) மியுல்லரின் முறையில் சமபுள்ளி எடுத்தவர்கள் அடுத்த சுற்றில் மோதுவார்கள், ஆனால் ஒரே ஆளோடு இரண்டாம் தரம் இல்லை. ஒரு சில சுற்றுகளோடு அலுவல் முடிந்தது.

சிக்கல் கடைசியில் வரும். 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் 180க்கும் மேற்பட்ட அணிகள், 11 சுற்றுகள். உஸ்பெகிஸ்தானும் ஆர்மேனியாவும் 19 புள்ளிகளில் சமம். எதிரணிகள் எடுத்த புள்ளிகளைக் கணக்குப் பார்த்து உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம் கொடுத்தார்கள்.

ஆனால் எதிராளியின் பலம் அவருடைய எதிராளிகளில் தங்கியிருக்கிறதே? இந்தச் சுழலை அவிழ்த்தவர் ஏர்ன்ஸ்ற் செர்மெலோ. 1910 முதல் 1916 வரை சூரிச் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்து நோயால் விலகியவர். 1929இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: ஒவ்வொருவருக்கும் பலம் என்று ஓர் எண். ஒருவருக்கு 3, மற்றவருக்கு 1 என்றால் நாலில் மூன்று ஆட்டம் முதலாமவருக்கு. நடந்து முடிந்த முடிவுகள் வருவதற்கு ஆகக்கூடிய சாத்தியம் தருகிற எண்களைத் தேடு. சில சோடிகள் மோதாவிட்டாலும் பரவாயில்லை. 1952இல் பிராட்லி, ரெறி என்ற இருவர் இதையே திரும்பக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்தோடு மோதவேயில்லை என்றால் இரண்டையும் ஒப்பிட எந்தக் கணக்காலும் ஏலாது. என்னை நிப்பாட்டி வைத்த இடம் இது. பாதியில் விட்ட என்ர பல்கலைக்கழகப் படிப்பிலும் இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

1973இல் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, தமிழில் எழுதினவர்களும் சிங்களத்தில் எழுதினவர்களும் அப்படியான இரண்டு கூட்டங்கள்தான். இரண்டு பக்கச் சராசரியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு கூட்டமும் சமபலம் என்று முதலே எடுத்துக்கொண்டால்தான் அது சரி. அந்த எடுகோளைக் கணிதம் தரவில்லை, அமைச்சரவைதான் தந்தது. பிறகு வந்த பட்டியலில் இருந்ததெல்லாம் தசமதானம் பிசகாத எண்கள்.