உப்பு என்ன நிறம்? பேனர்ல ‘சிவப்பு அடிக்கிற’ கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உப்பு என்ன நிறம்?

வெள்ளைன்னு சொல்லுவீங்க. ஒரே ஒரு கல் உப்பை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்கும், தனி நிறமே கிடையாது. ஆயிரக்கணக்கான கல் சேர்ந்து குவியும்போது எல்லா நிற ஒளியும் சமமா சிதறுது. அதைத்தான் வெள்ளைன்னு பார்க்கிறோம். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறவங்க மரக்காணத்துல அந்தக் குவியல்களைப் பார்த்திருப்பீங்க. நிழல் பக்கம் வானத்தோட நீலம் ஏறியிருக்கும், சாயங்காலம் ஆரஞ்சு ஏறும். நம்ம மூளை அதையெல்லாம் கழிச்சுட்டு “வெள்ளை”ன்னு சொல்லிடும். கேமரா அப்படி இல்லை. அது கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும்.

இது ஏன் முக்கியம்? உப்பளத்துல காலமெல்லாம் வேலை பார்த்த ஒருத்தர் இறந்துட்டார்னு வைங்க. வீட்டுல இருக்கிறது மொபைல்ல எடுத்த ஒரே போட்டோ, பின்னாடி உப்புக் குவியல். விடியறதுக்குள்ள அது கண்ணீர் அஞ்சலி பேனர் ஆகணும். பிரிண்ட் வந்ததும் முகம் செங்கல் மாதிரி சிவந்திருக்கு. கடையில இதுக்குப் பேரு “சிவப்பு அடிக்குது”. தெருவே அவரைக் கடைசியா பார்க்கப் போற முகம் அது.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருது? முதல் சந்தேகம் கேமரா கணக்கு மேல. கோடாக் நிறுவனத்துல இருந்த ரால்ஃப் எவன்ஸ், கலர் போட்டோ பிரிண்டைத் தானாகத் திருத்த ஒரு வழி சொன்னார். 1951-ல அதுக்குக் காப்புரிமை கிடைச்சது. ஒரு காட்சியில இருக்கிற எல்லா நிறத்தையும் கலந்தா பொதுவா சாம்பல் வரும். வரலைன்னா, எது கூடுதலோ அதைக் குறைச்சிடு. நான் கோடு எழுதுற ஆள், எனக்கு இந்த ஐடியா ரொம்பப் பிடிக்கும். இன்னைக்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸுக்குப் பாடம் இங்கதான் தொடங்கும்.

ஆனா உப்பளத்துல இது கவிழ்ந்துடும். மேல வானம், கீழ பாத்தித் தண்ணியில அதே வானம். சராசரி எடுத்தா நீலம்தான். “நீலம் ஜாஸ்தி”ன்னு கணக்கு முடிவு பண்ணி மஞ்சளும் சிவப்பும் ஏத்தும். உப்பு பழுப்பாகும், முகம் சிவக்கும்.

ரெண்டாவது சந்தேகம் மை மேல. சியான், மெஜந்தா, மஞ்சள் மூணையும் சம அளவு போட்டா சாம்பல் வரணும்னு தோணும். வராது, சிவந்த பழுப்பு வரும். சியான் மை சிவப்பு ஒளியை மட்டும் விழுங்கணும். நிஜத்துல பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் விழுங்குது. அதனால அச்சுத் தொழில்ல சாம்பலுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு: சியான் 50 சதவீதம்னா மெஜந்தா 40, மஞ்சள் 40.

அந்த சியானுக்கு ஒரு தனிக் கதையே இருக்கு. 1928-ல ஸ்காட்லாந்துல, கிரேஞ்ச்மவுத் ஊர்ச் சாயத் தொழிற்சாலையில வேற ஏதோ தயாரிக்கும்போது பாத்திரத்துக்குள்ள நீலமா ஒண்ணு படிஞ்சிருந்தது. உள்பூச்சு விரிசல் விட்டு இரும்பு கலந்ததுதான் காரணம். அதே குடும்பத்துல செம்பு சேர்ந்த நீலத்தை 1935-ல ஐசிஐ நிறுவனம் ‘மோனாஸ்ட்ரல் புளூ’ன்னு விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெயிலுக்கு அசராத நிறம் அது. தெருமுனைப் பழைய பேனர் நீலமா மாறி நிக்குதே, ஏன்? மஞ்சளும் மெஜந்தாவும் முதல்ல வெளுத்துடும், சியான் கடைசி வரை நிக்கும்.

சரி, திருத்துறது எப்படி? முதல்ல குற்றவாளி படமா, மெஷினான்னு பிரிக்கணும். அதே பிளெக்ஸ்ல, அதே செட்டிங்ல, ஒரு சாம்பல் பட்டையை மட்டும் அடிச்சு, டியூப்லைட்டை நம்பாம பகல் வெளிச்சத்துல பாருங்க. பட்டையே சிவந்திருந்தா மெஷின் பக்கம் கோளாறு. சியான் நாசில் அடைச்சிருக்கலாம், பிரொஃபைல் வேற மெட்டீரியலுக்குப் போட்டதா இருக்கலாம். பட்டை சுத்தமா இருந்தா, தப்பு படத்துல.

படத்துலன்னா, போட்டோஷாப் கர்வ்ஸ்ல சாம்பல் டிராப்பரை வெச்சு உப்பைத் தொடலாம். ஆனா எந்த உப்பு? நிழல் பக்கம் வேண்டாம், அதுல வானம் கலந்திருக்கு. கண்ணைப் பறிக்கிற வெள்ளையும் வேண்டாம், 255-ஐத் தொட்டு நின்னுட்ட இடத்துல எந்தத் தகவலும் மிச்சம் இருக்காது. முகத்து மேல விழுற அதே வெயில் விழுற, லேசா மங்கின இடம்தான் சரி.

அப்புறம் முகத்து எண்களைப் பாருங்க. நம்ம தோலுக்குப் பெரும்பாலும் மஞ்சள் மெஜந்தாவை விடக் கொஞ்சம் கூட இருக்கும், சியான் ரெண்டையும் விடக் குறைவு. குறைவுன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லை. சியானையும் கறுப்பையும் ஒரேயடியா இறக்கினா முகம் “பளிச்”னு ஆகும். நிறத் திருத்தம் முடிஞ்சு, ஆளை மாத்துறது தொடங்குற இடம் அதுதான்.

இதுலயும் வரலாறு இருக்கு. பல வருஷம் கோடாக் லேப்கள் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பின ‘ஷெர்லி’ அட்டையில இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோட படம். அவங்க முகம் சரியா வந்தா எல்லாமே சரி. கறுப்புத் தோல் சரியா வரலைங்கிற குறை ரொம்ப நாள் எடுபடலை. மர நாற்காலியும் சாக்லேட்டும் ஒழுங்கா வரலைன்னு கம்பெனிகள் புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிம்ல பழுப்பு நிறங்களுக்குக் கவனம் வந்ததுன்னு கனடா ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு பண்ணியிருக்காங்க.

நம்ம ஊர் கட்-அவுட் ஓவியர்கள் முகத்துல நீலம், பச்சை, ரோஸ் எல்லாம் தைரியமா அடிச்சாங்க. அது அவங்க எடுத்த முடிவு. 2000-களில் பிளெக்ஸ் அந்த வேலையைப் பிடுங்கினப்போ, அந்த முடிவு ஒரு சாஃப்ட்வேர் செட்டிங்குக்குள்ள போயிடுச்சு. அந்த செட்டிங்குக்கு மரக்காணமும் தெரியாது, வெயில்ல கறுத்த முகமும் தெரியாது. கடையில உட்கார்ந்திருக்கிற டிசைனர் தம்பிக்குத் தெரியும். “சிவப்பை எடு, கறுப்பை விடு”ன்னு அவர்கிட்ட சொல்லுங்க, அவருக்கு அது புரியும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.