கோளமா, மண்டலமா?

‘மேக்னெட்டோஸ்பியர்’ என்பதற்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன: காந்தக் கோளம், காந்த மண்டலம். எதுவானால் என்ன என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

முன்பாதியில் தகராறு இல்லை. வடமொழியில் ‘அயஸ்’ இரும்பு. ‘காந்த’ என்றால் விரும்பப்படுவது. இரும்புக்குப் பிரியமான கல் அயஸ்காந்தம். நாம் இரும்பைக் கழற்றிவிட்டுப் பிரியத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். கிரேக்கர்களோ மக்னீசியா என்ற இடப்பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வழக்கெல்லாம் பின்பாதியில்தான். 1930களின் தொடக்கத்தில் சிட்னி சாப்மனும் ஃபெராரோவும், சூரியனிலிருந்து பாயும் மின்துகள் திரளின் முன் பூமியின் காந்தப்புலம் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். திரளின் முகப்பைத் தட்டையான கண்ணாடியாகப் பாவித்து, அதற்குப் பின்னால் பூமிக்காந்தத்தின் பிம்பம் ஒன்றை வைத்தார்கள். திரளுக்குள் பூமியைச் சுற்றி ஒரு பொந்து விழும் என்று தெரிந்தது. அந்தப் பொந்துக்கு அவர்கள் பெயரே நிலைத்தது. 1959இல் தாமஸ் கோல்டு புதுப்பெயர் சூட்டினார். அயனி மண்டலத்துக்கு மேலே, மின்துகள்களின் போக்கைப் பூமியின் காந்தப்புலம் ஆளுகிற பகுதி எதுவோ, அதுவே மேக்னெட்டோஸ்பியர் என்றார். ‘ஆளுகிற’ என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்கலங்கள் போய் அளந்ததும் உருண்டை அடிபட்டுப்போனது. சூரியனைப் பார்த்த பக்கம், எல்லை ஏறத்தாழ 65,000 கிலோமீட்டரில் நசுங்கி நிற்கிறது. மறுபக்கம் நீண்ட வால், ஐ.எம்.பி.-1 கலத்தின் அளவீடுகளிலிருந்து நார்மன் நெஸ் அதைக் கண்டறிந்தார். நிகோலாய் சைகனென்கோவின் 1989ஆம் ஆண்டுக் காந்தப்புல மாதிரியில், பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டமும் வாலில் ஓடும் மின்னோட்டமும் உண்டாக்கும் புலங்கள் தனித்தனியே கணக்கில் சேர்கின்றன. காந்தக் கொந்தளிப்பு எவ்வளவு என்று கொடுத்தால், புலத்தின் உருவமும் அதற்கேற்ப மாறும். கோளத்தை எங்கே தேடுவது?

மண்டலமும் பிறப்பால் வட்டம்தான். தமிழுக்கு வந்தபின் வட்டத்தை விட்டு வெளியேறிவிட்டது. (சித்த வைத்தியரிடம் போனால் அது 48 நாள்.) சோழ மண்டலத்தையும் தொண்டை மண்டலத்தையும் யாரும் கவராயம் வைத்து வரையவில்லை. ஆணை எதுவரை செல்லுமோ அதுவரை மண்டலம்; பகைவன் நெருக்கினால் சுருங்கும், தளர்ந்தால் விரியும். சூரியனிலிருந்து பாயும் அந்த மின்துகள் ஓட்டம், அதாவது சூரியக் காற்று, வலுக்கும்போது காந்த எல்லை உள்ளே ஒதுங்குவதும் இப்படித்தான். கோல்டு சொல்ல வந்தது அவருடைய சொல்லைவிட நம்முடையதில் நன்றாகவே பொருந்துகிறது.

அந்த வால் நிலவின் பாதையையும் தாண்டி நீள்கிறது. பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள் நிலவும் பூமியின் காந்த மண்டலத்துக்குள்தான் இருக்கிறது.