பன்னாடையும் அடிமண்டியும்

"போடா பன்னாடை!" திருச்சுழிப் பக்கம் சர்வசாதாரணமாகக் காதில் விழுகிற வசவு இது. திட்டுறவங்கள்ல பாதிப் பேருக்குப் பன்னாடைன்னா என்னன்னே தெரியாது. பனை, தென்னை மட்டைகளின் அடியில் வலை மாதிரி இருக்கும் நார்தான் அது. அந்தக் காலத்தில் கள்ளையும் நெய்யையும் அதில் வடிகட்டினார்கள். நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் 13ஆம் நூற்றாண்டு நன்னூல், கடை மாணாக்கருக்கு 'நெய்யரி'யை உவமை சொல்கிறது. நெய்யரி என்றால் இந்தப் பன்னாடைதான்.

கசடு நீங்கித் தெளிந்த கள்ளுக்குச் சங்கப் பாடல்களில் 'தேறல்' என்று பெயர். தேறு என்றால் தெளிதல். மலைநாட்டில் அதை மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்ததாகத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறம் தேய்க்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். ஊருணித் தண்ணியை நம்பியிருந்த வறண்ட ஊர்களுக்கு அது பெரிய துணை. இங்கிலாந்தில் பியரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் போட்டார்கள். வேலை ஒன்றுதான்: மிதக்கும் துகள்களைச் சேர்த்துப் பிடித்து அடியில் இறக்குவது.

சரி, அடியில் தங்குவது வெறும் கசடுதானா?

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர்; தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் பெருகாது. பதநீரில் சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை இறுத்துக் கருப்பட்டிக்குக் காய்ச்சுவார்கள். கொங்குப் பக்கம் பதநீருக்குப் பேரே 'தெளுவு'தான். கள்ளுக்கோ யாரும் தனியாக ஈஸ்ட் போடுவதில்லை. பாளையிலும் காற்றிலும் இருப்பது போக, நேற்றைய கலயத்தில் ஒட்டியிருக்கும் மண்டிதான் இன்றைய கள்ளைப் புளிக்கவைக்கிறது. தயிருக்கு உறை மோர் மாதிரி.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களுக்கும் இதே பாடுதான். பீப்பாயின் அடியில் ஈஸ்ட் படியும்; நன்றாகக் குளிரவைத்து இறங்கவிடுவார்கள். அப்படியும் முதல் டம்ளர் கலங்கலாக வரும், அதைக் கீழே கொட்டிவிடுவார்கள். குழாய் அடிவரைக்கும் போகாதபடி நுனியைக் கொஞ்சம் வெட்டிக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் நொதித்த பாத்திரத்தில் தங்கும் மண்டியில் ஒரு பங்கை அடுத்த காய்ச்சலுக்கென்று பத்திரமாக எடுத்துவைப்பார்கள். அந்த மண்டியில் இருப்பது உயிர் என்பதை லூயி பாஸ்டர் 1876இல் பியர் பற்றி எழுதிய நூலில் விரிவாக விளக்கினார். 1883இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட்டைப் பிரித்து வளர்த்தார். நம்ம பனையேறிகள் அதை நுண்ணோக்கியில் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் கலயத்தைக் கழுவணும், எதை அப்படியே விடணும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. குடியைப் பற்றிய வாதம் தனி. அதை இங்கே பேசவில்லை. ஆனால் கள் இறக்குவது நின்றால், எவ்வளவு நேரம் தெளியவிடணும், எங்கே இறுத்து நிறுத்தணும் என்ற கைப்பழக்கமும் கூடவே போகிறது.  பரீட்சையில் 'தேறினான்', மனசு 'தேறியது' என்று மட்டும் இன்றைக்கும் பேசுகிறோம்.

நன்னூலின் உவமையில் தப்பில்லை, குடிக்கிறவனுக்குக் கசடு வேண்டாதது. இறக்குறவனுக்கு அதுதான் நாளைக்கு வித்து.