விளையாடினால் படிப்பு கெடுமா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"எல்கேஜி போற பிள்ளை, இன்னும் எழுத வரலையே" என்று கவலைப்படுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

2020-ம் ஆண்டு தேசிய கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரை அடித்தளப் பருவம் என்கிறது. இந்த வயதில் விளையாட்டு என்பது படிப்புக்குப் பிறகு தரும் பரிசு இல்லை. படிக்கும் வழியே அதுதான். இதற்காக 2023 பிப்ரவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட 'ஜாதுயி பிட்டாரா' (மந்திரப் பெட்டி) தொகுப்பில் பொம்மைகள், புதிர்கள், கைப்பாவைகள், கதைப் புத்தகங்கள் இருக்கின்றன.

டெல்லியில் இருக்கீங்களா? சாணக்யபுரியில் 1977-ல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்குள்ள பட்டியாலா மோனோரயிலைக் காட்டி, "ஒரே தண்டவாளத்துல ஓடுற வண்டி ஏன் சாயலை?" என்று கேளுங்க. உடனே பதில் சொல்லாதீங்க, யோசிக்க விடுங்க. பக்கவாட்டில் தரையில் உருளும் பெரிய சக்கரத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் காலி தீப்பெட்டிகளை நூலில் கோத்து ரயில் செய்யுங்க.

* எத்தனை பெட்டி? இது கணக்கு.
* அடுத்த ஸ்டேஷன் எது? இது மொழி.
* நூல் கோப்பது? பென்சில் பிடிக்க விரல்களுக்குப் பயிற்சி.

விரல் பழகட்டும். எழுத்து தானா வரும்.