ரேக்கும் மூட்டையும்: இந்திய ரயில் சரக்குப் போக்குவரத்தின் திசை

இந்திய ரயில்வே 2024-25 நிதியாண்டில் ஏற்றிய சரக்கு சுமார் 162 கோடி டன். பெருந்தொற்றுக் காலமான 2020-21-இல் அது 123 கோடி டன்னாக இருந்தது. ஆண்டுக்காண்டு புதிய உச்சம் என்ற செய்தி உண்மையே. ஆனால் நாட்டில் நகரும் மொத்தச் சரக்கில் ரயிலின் பங்கைப் பார்த்தால் கதை வேறு. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்ட சரக்கு ரயிலேறியது. இன்று ரயிலுக்குக் கிடைப்பது கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி லாரிக்குப் போய்விட்டது. 2030-க்குள் ரயிலின் பங்கை 45 விழுக்காடாக்க வேண்டும் என்கிறது தேசிய ரயில் திட்டம். புதிய பாதைகளும் வலுவான எஞ்சின்களும் அந்த இலக்கை நோக்கி ஓரளவு கொண்டு செல்லும். இழந்த பங்கு திரும்புமா என்பது, பெரும்பாலும், பாதையின் இரு முனைகளிலும் சரக்கு எப்படிக் கையாளப்படுகிறது என்பதையும் அதற்கு என்ன கட்டணம் வாங்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது.

கூடிவரும் டன் கணக்கின் உள்ளே இருப்பது முதன்மையாக நிலக்கரி. 2024-25-இல் ஏற்றப்பட்டதில் பாதிக்கு மேல், சுமார் 82 கோடி டன், நிலக்கரிதான். இரும்புத்தாது, சிமென்ட், உரம், உணவு தானியம், பெட்ரோலியப் பொருள்கள் எல்லாம் அதற்கு வெகு தொலைவில் பின்னால் வருகின்றன. ரயில்வே இயங்கும் முறையே இந்தப் பண்டத்துக்கேற்ப வளைந்திருக்கிறது. 1980-களில் யார்டுகளில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் பழைய வழக்கம் பின்தள்ளப்பட்டு, முழு ரேக்காக, அதாவது பிரிக்காத ஒரே வேகன் தொடராக, ஏற்றி முழு ரேக்காக இறக்கும் முறை நிலைபெற்றது. சுரங்க சைடிங்கில் ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ திறந்த வேகன்கள் நிற்கும். நாலாயிரம் டன்னை ஒட்டிய சுமை ஏறும். அப்படியே ஓர் அனல்மின் நிலையத்தில் போய் இறங்கும். நிலக்கரிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. 2022 கோடையில் மின் நிலையங்களில் கையிருப்பு குறைந்தபோது, நிலக்கரி ரேக்குகளுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களின் பல நூறு நடைகள் ரத்தாயின. நாட்டின் மின்விளக்கு எந்த அளவுக்குத் தண்டவாளத்தை நம்பி எரிகிறது என்பதற்கு அந்தக் கோடை சான்று. தமிழ்நாட்டின் அனல்மின் நிலையங்களுக்கும் இந்தச் சங்கிலியில் இடமுண்டு: ஒடிசாவின் தால்சேரில் ரயிலேறும் நிலக்கரி பாரதீப்பில் கப்பலுக்கு மாறி எண்ணூரில் இறங்குகிறது, மேட்டூருக்குப் போவது அங்கிருந்து மீண்டும் ரயிலேறுகிறது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. சூரிய ஒளியும் காற்றும் தரும் மின்சாரம் பெருகும்போது, நிலக்கரியின் ஓட்டம் ஒரு கட்டத்தில் தேங்கும். அது எந்த ஆண்டு என்பது விவாதத்துக்குரியது. வரும் என்பதில் ஐயமில்லை. அந்த இழப்பு சரக்குப் பிரிவோடு நிற்காது. பயணச்சீட்டின் அடியில், பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டையே ரயில்வே மீட்கிறது என்ற வாசகம் அச்சிடப்பட்டு வந்ததைப் பலர் பார்த்திருப்பர். மீதியின் பெரும்பகுதியைச் சரக்குக் கட்டணம் சுமக்கிறது. அதாவது, ஒடிசாவிலிருந்தோ சத்தீஸ்கரிலிருந்தோ புறப்படும் நிலக்கரி, முன்பதிவில்லாப் பெட்டியில் ஊருக்குப் போகும் கூலித் தொழிலாளியின் டிக்கெட்டில் ஒரு பகுதியைக் கட்டுகிறது. எளியவர் பயணம் மலிவாக இருப்பது நியாயம். அதன் செலவைச் சரக்கின் தலையில் வைப்பதுதான் தவறு. கட்டணம் உயர உயர, வேறு வழியில்லாத நிலக்கரி மட்டும் தங்கும். வழியுள்ள சரக்கு லாரிக்குப் போகும். இந்தச் சமூகச் செலவை அரசு தன் வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக ஏற்பதே முறை.

கட்டணத்துக்கு அடுத்து, பாதை நெரிசல் இரண்டாவது தடை. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை இணைக்கும் தடங்களும் அவற்றின் குறுக்குத் தடங்களும் மொத்தப் பாதையில் 16 விழுக்காடுதான். சரக்கில் பாதிக்கு மேல் அவற்றிலேயே ஓடுகிறது. எக்ஸ்பிரஸ் ஒன்று பின்னால் வந்தால் கூட்ஸ் ரயில் லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். சரக்கு ரயிலின் சராசரி வேகம் பல ஆண்டுகளாக மணிக்கு 25 கிலோமீட்டரைச் சுற்றியே இருந்ததற்கு இது முதன்மைக் காரணம். இதற்கு விடையாக 2006-இல் தனி நிறுவனம் தொடங்கித் திட்டமிடப்பட்டவை இரு தனிச் சரக்குப் பாதைகள்: லூதியானா அருகிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர் கிழக்குப் பாதை, தாத்ரியிலிருந்து மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர் மேற்குப் பாதை. நில எடுப்பு இழுத்தடித்ததில் திட்டம் பல ஆண்டுகள் பின்தங்கியது. கிழக்குப் பாதை 2023-இல்தான் நிறைவுற்றது.

மேற்குப் பாதையின் பொறியியல் கவனத்துக்குரியது. வழக்கமான தடங்களில் மின்கம்பி ஐந்தரை மீட்டரை ஒட்டிய உயரத்தில் செல்லும். இங்கே அது ஏழரை மீட்டர். ஒரு கன்டெய்னரின் மேல் இன்னொன்றை அடுக்கினாலும் கம்பிக்கு இடம் மிஞ்சும். 2021 ஜனவரியில் ரேவாரி–மதார் பகுதியில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீள இரட்டையடுக்கு ரயில் மின்சார எஞ்சினில் ஓடியது. ஒரே எஞ்சின், ஒரே ஓட்டுநர் குழு, ஒரே தடநேரம். சுமை மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு. மதேபுராவில் தயாராகும் 12,000 குதிரைத்திறன் எஞ்சின்களும், பல ரேக்குகளைக் கோத்து ஓட்டும் நெடுந்தொடர்களும் இதே திசையில் செல்பவை. 2022 ஆகஸ்டில் சத்தீஸ்கரில் ஓடிய 'சூப்பர் வாசுகி' ஐந்து ரேக்குகளை இணைத்து, 295 வேகன்களில் சுமார் 27,000 டன் நிலக்கரியை இழுத்தது. இவை சிறந்த சாதனைகள். ஆயினும் ஏற்கெனவே ரயிலுக்குரிய சரக்கை மலிவாக்குபவையே. லாரியில் போகும் சரக்கை இழுத்துவருபவை அல்ல.

இழந்த சரக்கின் நிலையைக் காண ஒரு கூட்ஸ் ஷெட்டுக்குப் போக வேண்டும். சிமென்ட் ரேக் ஒன்றில் 42 மூடிய வேகன்கள் என்று கொண்டால் சுமார் 2,600 டன். ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 52,000 மூட்டைகள். அத்தனையும் தலைச்சுமையாக, குறித்த இலவச நேரத்துக்குள் இறங்க வேண்டும், தவறினால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம். இறக்கியது பிளாட்பாரத்தில் தங்கினால் வார்ஃபேஜ் என்னும் இடக் கட்டணம். ரேக் நள்ளிரவில் வந்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். வெளிச்சம் போதாத, கூரை பாதியே உள்ள ஷெட்டில், மழை வந்தால் வியாபாரிக்கு மூட்டையும் போகும், அபராதமும் வரும். அதற்கு மேல் நூறு லாரிகளுக்கு மேல் அமர்த்திக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். எப்படியும் லாரி வேண்டும் என்றால், ஆலை வாசலிலேயே ஏற்றி கடை வாசலில் இறக்கும் லாரியை அவர் தேர்ந்தெடுப்பது இயல்பு. தவிர, நூறு டன் அனுப்ப நினைக்கும் சிறு உற்பத்தியாளருக்கு முழு ரேக் என்பது எட்டாக்கனி. குறைந்த வேகன்கள் கொண்ட மினி ரேக்குக்கும் இரு நிலையங்களில் பிரித்து இறக்குவதற்கும் அனுமதி உண்டு என்றாலும் முழு ரேக்கே இன்னும் நெறி.

இந்த முடிச்சு அவிழக்கூடியது என்பதற்குக் கார் போக்குவரத்தே சான்று. 2013-14-இல் நாட்டில் நகர்ந்த கார்களில் ரயிலேறியவை இரண்டு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பத்தாண்டுகளில் அது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி உயர்ந்தது. கார்களை இரண்டடுக்கில் ஏற்றும் தனி வேகன்களில் தனியாரும் முதலிட முடிந்தது. ஏற்றுமிடங்கள் தொழிற்சாலைக்கு அருகே வந்தன. குஜராத்தின் ஹன்சல்பூரில் ஆலை வளாகத்துக்குள்ளேயே 2024-இல் சைடிங் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிக் கார்கள் வாலாஜாபாத் நிலையத்தில் ரயிலேறுகின்றன. இங்கே தண்டவாளம் மாறவில்லை. வேகனும் முனையமும் உரிமை விதியும் மாறின. 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கதி சக்தி சரக்கு முனையக் கொள்கை இந்தப் பாடத்தை மற்றப் பண்டங்களுக்கும் நீட்ட முயல்கிறது.

கன்டெய்னர் துறையில் பாதி வழியே கடக்கப்பட்டுள்ளது. 2006-இல் தனியாருக்குக் கன்டெய்னர் ரயில் இயக்க உரிமம் கிடைத்தது. ஆனால் தடத்தையும் எஞ்சினையும் தரும் ரயில்வேயே கட்டணத்தையும் தீர்மானிக்கிறது. தனியாருக்குப் போட்டியாளரான கான்கார் என்னும் கன்டெய்னர் நிறுவனத்தில் பெரும் பங்கும் அரசுடையது. தகராறு வந்தால் முறையிடத் தனி ஒழுங்காற்று அமைப்பு வேண்டும். அதற்கான ரயில் வளர்ச்சி ஆணையத்துக்கு 2017-இல் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆணையம் செயலுக்கு வரவில்லை.

பாதையைவிட முனைகளே முதலில் மாற வேண்டும் என்ற வாதம் தெற்குக்கு இன்னும் நேரடியாகப் பொருந்துகிறது. அடுத்து முன்மொழியப்பட்ட தனிப் பாதைகளில் இரண்டு, கரக்பூரிலிருந்தும் இட்டார்சியிலிருந்தும் வருபவை, விஜயவாடாவோடு நின்றுவிடுகின்றன. அதற்குத் தெற்கே சரக்கு ரயில் இன்னும் நெடுங்காலம் எக்ஸ்பிரஸுக்கு ஒதுங்கியே ஓடும். வேகத்தில் கிடைக்காத நேரத்தை இங்குள்ள கூட்ஸ் ஷெட்டுகளில் மிச்சப்படுத்தலாம்: முழுக் கூரை, இரவு விளக்கு, லாரி திரும்பும் அகலத்தில் கான்கிரீட் தளம், மூட்டை இறக்கும் கன்வேயர். இவற்றுக்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை.