துணியால் தைத்த கருப்பை

18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாத பெண்கள். மூத்தவள் ஒருத்தி செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் அவர்கள் படித்த படிப்பு. தலை இறங்கி வரும் குழந்தை என்றால் சமாளித்துவிடுவார்கள். கால் முதலில் வந்தாலோ, கை மட்டும் வெளியே நீண்டாலோ, பயத்தில் பிடித்து இழுப்பார்கள். தாயும் போவாள், பிள்ளையும் போகும். இரண்டு உயிரும் தப்பினால்கூட ஆயுளுக்கும் ஊனம் நின்றுவிடும்.

பாரிஸில் 1740இல் மருத்துவச்சியாகத் தகுதி பெற்ற மதாம் து கூத்ரே, 1750களில் நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஓவெர்ன் பகுதிக்கு வந்து இந்த நிலையைக் கண்டார். அந்தப் பெண்களைக் கூட்டி வைத்துப் பாடம் எடுத்தார். இடுப்பெலும்பின் அகலம், கருப்பை வாய் திறக்கும் விதம், தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றினால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் வாயால் சொன்னால் அவர்களுக்கு எட்டவில்லை. கண்ணால் காண முடியாத உள்ளிடத்தில் கை செய்ய வேண்டிய வேலை அது. உயிருள்ள தாயின் மேல் பழகிப் பார்க்கவும் கூடாது. ஆகவே பாடத்தைத் தொட்டுப் பார்க்கும் பொருளாகவே ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

அப்படிப் பிறந்ததுதான் அவருடைய பிரசவ பொம்மை. அவர் அதை இயந்திரம் என்றே அழைத்தார். இடுப்பும் தொடைகளுமாக ஒரு பெண்ணின் கீழுடல், ஆள் அளவுக்கு. துணியும் தோலும் வைத்துத் தைத்து உள்ளே பஞ்சு அடைத்தது. கயிறுகளையும் வார்களையும் இழுத்தால் பிறப்பு வழி விரியும், இறுகும். குழந்தை வரும்போது சதை எப்படி இழுபடும் என்பது மாணவியின் விரலுக்கே தெரியும். குழந்தைப் பொம்மையும் நஞ்சும் தொப்புள்கொடியும் தனியே உண்டு. இரட்டைக் குழந்தைகளும் உண்டு. திரவத்தில் தோய்த்த கடற்பஞ்சுகளை வைத்து, வேண்டிய நேரத்தில் பனிக்குடத்து நீரும் இரத்தமும் கசியச் செய்தார்.

அந்தக் குழந்தைப் பொம்மையின் வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூக்கையும் காதையும் தைத்து, தலைமுடியை மையால் வரைந்தவர், வாயை மட்டும் வரைந்துவிட்டுப் போகவில்லை. திறந்த வாய், உள்ளே நாக்கு, விரலின் இரண்டு கணு நுழையும் ஆழம். கால் முதலில் வரும் பிரசவத்தில் உடல் முழுதும் வெளியே வந்தபின் தலை மாட்டிக்கொள்ளும். அப்போது மருத்துவச்சி குழந்தையின் வாயில் விரல் விட்டு முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தினால் தலை குறுகிய அளவில் திரும்பி வழி கிடைக்கும். கண நேரத்தில் செய்ய வேண்டிய அந்த ஓர் அசைவுக்காகத்தான் அத்தனை ஆழம். நல்ல கற்பித்தல் கருவி எது என்று யாராவது கேட்டால் நான் இந்த வாயைத்தான் காட்டுவேன். எங்கே கை தடுமாறும் என்று தெரிந்த ஒருத்தியால் மட்டுமே இதைத் தைத்திருக்க முடியும்.

இவர்தான் முதலாமவர் என்று சொல்ல முடியாது. லண்டனில் வில்லியம் ஸ்மெல்லி 1740களிலேயே எலும்பும் தோலும் கொண்ட பொம்மைகளை வைத்துப் பிரசவப் பாடம் நடத்தினார். ஆனால் அவரிடம் கட்டணம் செலுத்திப் படித்தவர்கள் பெரும்பாலும் ஆண் மருத்துவர்கள். இரவில் கதவு தட்டப்பட்டதும் எழுந்து ஓடும் கிராமத்துப் பெண்ணிடம் அதே வசதியைக் கொண்டுபோனதுதான் து கூத்ரேயின் சாதனை. என் கணக்கில் அது பொம்மையைக் கண்டுபிடித்ததைவிடப் பெரியது.

1758இல் பாரிஸின் அறுவை மருத்துவக் கழகம் பொம்மைக்கு ஒப்புதல் தந்தது. அடுத்த ஆண்டு அவருடைய பாடநூல் வெளிவந்தது. நாடு முழுக்கச் சென்று கற்பிக்க 15ஆம் லூயியின் ஆணையும் அதே 1759இல் கிடைத்தது. அரசருக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் இருந்தது. ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது; மக்கள்தொகை குறைகிறது என்ற அச்சம் அரண்மனையில் பரவியிருந்தது. பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் நாளைய சிப்பாய், நாளைய வரி.

அரசின் நோக்கம் எதுவானாலும் அந்த அம்மையார் தன் வேலையைச் செய்தார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள். ஓர் ஊரில் சுமார் இரண்டு மாத வகுப்பு. ஒவ்வொருத்தியும் தானே பொம்மையில் கை வைத்துப் பழக வேண்டும். தவறினால் திரும்பச் செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் நேரடியாகப் படித்தார்கள். ஊரை விட்டுப் போகும்முன் உள்ளூர் அறுவை மருத்துவர்களுக்கும் பயிற்சி தந்து, பாடம் தொடர்வதற்குப் பொம்மை ஒன்றை விட்டுச் செல்வார். எழுத்தறியாதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி, பாடநூலின் 1769 பதிப்பில் வண்ணப் படங்களைச் சேர்த்தார். அத்தனை வண்ணம் அன்றைய மருத்துவ நூலில் அரிது.

மருத்துவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. துணிப்பொம்மையில் பழகியவர்களுக்கு வீண் துணிச்சல் வந்துவிடும் என்றார்கள். அந்தக் கவலையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பொம்மைக்கு வலிக்காது, அது அலறாது. ஆனால் மாற்று வழி என்னவாக இருந்தது? முதல் தவறை ஓர் ஏழைத் தாயின் உடம்பில் செய்வது. இரண்டில் எது மேல் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

து கூத்ரே 1794இல் பொர்தோ நகரில் இறந்தார். அவர் செய்த பொம்மைகளில் இன்று எஞ்சியிருப்பது ரூவான் நகரின் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது துணிக்குள்ளே ஓர் இளம்பெண்ணின் உண்மையான இடுப்பெலும்பு தெரிந்தது.

அதற்குப் பிறகு கண் சிமிட்டும் பொம்மைகள் வந்தன. கணினியால் மூச்சும் நாடியும் மாறும் பொம்மைகள் வந்தன. ஆனால் து கூத்ரேயின் நேர் வாரிசு என்று நான் நினைப்பது நார்வேயில் லேர்டால் குளோபல் ஹெல்த் உருவாக்கிய மாமாநடாலி. அதில் மின்சாரமும் இல்லை, திரையும் இல்லை. பயிற்சி தருபவர் அதைத் தன் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு தாயாக நடிப்பார். குழந்தையையும் நஞ்சையும் அவரே வெளியே விடுவார். எவ்வளவு இரத்தம் போக வேண்டும் என்பதும் அவர் கையில். மகப்பேற்றுக்குப் பின் வரும் இரத்தப்போக்கை நிறுத்துவதற்கு, கருப்பை இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்பதை மாணவி வயிற்றைத் தொட்டு உணர்ந்துதான் சொல்ல வேண்டும். தளர்ந்திருந்தால் தேய்த்துக்கொடுக்க வேண்டும். சரியாகத் தேய்த்தால்தான் பயிற்சியாளர் கருப்பையை இறுக விடுவார்.